இரும்புச் சைக்கிளுக்கு இவ்வளவு காசா?

 

போன வாரம் எங்கள் பழைய மாணவர் ஒருவர் தனது பக்கத்தில் ஒரு சைக்கிளின் படம் போட்டிருந்தார். இங்கிலாந்தில் வேலை செய்பவர். வீட்டுக்கு அனுப்புவதை அனுப்பிவிட்டு, மிச்சத்தை இரண்டு வருடமாகச் சேர்த்து மலைச் சைக்கிள் ஒன்று வாங்கப் போகிறாராம். உருக்குக் குழாயால் செய்த பிரேம், முன்னுக்கும் பின்னுக்கும் சஸ்பென்ஷன். விலையையும் மறைக்காமல் எழுதிவிட்டார். அதுதான் பிழைத்துப்போனது. கீழே நம்மவர்கள் வரிசையாக வந்தார்கள். "இரும்புச் சைக்கிளுக்கு இவ்வளவு காசா?" "இந்தக் காசுக்கு ஊரில் நல்ல மோட்டார் சைக்கிள் எடுக்கலாமே மச்சான்." ஊர்ப் பெரியவர் ஒருவர் வீண்விரயம் பற்றி நினைவூட்டினார்.

அன்றிரவு மாணவர் எங்களுக்கு வொய்ஸ் அனுப்பினார். "சேர், நான் பிழையான வேலையா செய்யப் போறன்?" நாங்களும் யோசிக்காமல், "இரும்பு பாரம், துருவும் பிடிக்கும், அலுமினியத்தில ஒன்ட எடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டோம். சொன்ன பிறகு மனம் கேட்கவில்லை. வரலாறு படிப்பிக்கிற நாங்கள், வரலாற்றைத் திரும்பிப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னது சரியில்லை. விடுமுறையில் இருந்து வாசித்தோம். வாசித்ததை அவருக்கு மட்டும் சொல்லாமல், கீழே வந்து கேலி செய்த தம்பிமாருக்கும் சேர்த்து எழுதுகிறோம். நீளம்தான். பிளேன் டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வாசியுங்கள்.

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மரின் என்ற மாவட்டம் வரும். அங்கே ஃபெயார்ஃபக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலே, காட்டுத்தீ அணைக்கும் வாகனங்களுக்காக வெட்டிய ஒரு மண்பாதை இருக்கிறது. 2 மைலுக்கும் குறைந்த தூரத்தில் 1,300 அடி இறக்கம். நமது சீகிரியாக் குன்றை ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினால் ஏறத்தாழ அந்த உயரம் வரும். 1976 ஒக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் அந்தப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக நேரம் குறித்துச் சைக்கிளில் இறங்கினார்கள். விழாமல் வந்து சேர்ந்த அலன் பொண்ட்ஸ் என்பவர் வென்றார். இன்று உலகம் முழுக்க ஓடும் மலைச் சைக்கிளின் கதையை எழுதுபவர்கள் அநேகமாக இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அவர்கள் ஓட்டியது என்ன சைக்கிள் தெரியுமா? கழித்துப் போட்ட பழைய சைக்கிள். 1930களிலும் 40களிலும் ஷ்வின் கம்பனி அமெரிக்கச் சிறுவர்களுக்காகச் செய்த இரும்புச் சைக்கிள்கள். 1933இல் அந்தக் கம்பனி அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய 2 அங்குலத்துக்கும் தடித்த 'பலூன்' டயர் அவற்றில் இருந்தது. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயர் கல்லில் பட்டால் கதை முடிந்தது. இந்தத் தடித்த டயரோ கல்லை விழுங்கிக்கொண்டு போகும். அதற்காகவே அந்த இளைஞர்கள் பழைய சாமான்களுக்குள் இதைத் தேடி எடுத்தார்கள். மலைச் சைக்கிள்களில் நீண்ட காலம் 26 அங்குலச் சில்லு இருந்ததற்கும் இதுதான் காரணம். எவரும் கணக்குப் போட்டுத் தீர்மானித்த அளவு அல்ல. குப்பையில் கிடைத்த சைக்கிளின் சில்லு 26 அங்குலமாக இருந்தது, அவ்வளவுதான்.

பிரேக்தான் பெரிய தொல்லை. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பின்சில்லின் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் பழைய வகைப் பிரேக் அது. மலையிலிருந்து இறங்கி முடியும்போது ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிறீஸ் புகையாகிப் போய்விடும். ஒரு தடவை இறங்கினால் ஹப்பைக் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இப்படித் திரும்ப அடைப்பதை 'ரீபேக்' என்பார்கள். அந்தப் பாதைக்கே 'ரீபேக்' என்று பெயர் நிலைத்துவிட்டது. பிரேக் பழுதாவதால் பெயர் பெற்ற பாதை வேறெங்கும் இருப்பதாக நாங்கள் கேள்விப்படவில்லை.

பிறகு நடந்ததைக் கவனியுங்கள். பிரேக் எரிந்தது. வேறு பிரேக் தேடினார்கள். பழைய லீவரால் பிடிக்க ஏலவில்லை, மோட்டார் சைக்கிள் லீவரை எடுத்துப் பூட்டினார்கள். ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது, கியர் பூட்டினார்கள். கியர் யோசனை மரின் பையன்களுடையது மட்டுமல்ல. 1974 டிசம்பரில் மில் வெலி என்ற ஊரில் நடந்த போட்டிக்கு, தெற்கே கூப்பர்ட்டினோவிலிருந்து வந்த சிலர் தடித்த டயர் சைக்கிளில் கியர் பூட்டி வந்திருந்தார்கள். அதை மரின் இளைஞர்கள் பார்த்தார்கள். பார்த்துச் செய்தார்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இதெல்லாம் பூட்டிய பிறகு வேகம் கூடியது. வேகம் கூடியதும் பிரேம் உடையத் தொடங்கியது. சிறுவர்கள் தெருவில் ஓட்டச் செய்த பிரேம், அந்த அடியைத் தாங்குமா? சார்லி கெலி என்பவர் ஜோ பிரீஸ் என்ற நண்பரிடம் புதிதாக ஒரு பிரேம் செய்து தரச் சொன்னார். ஜோ பிரீஸ் முன்பே பந்தயச் சைக்கிள் பிரேம் செய்து பழகியவர். 1977இல் குரோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்குக் குழாய்களால் அவர் முதல் பிரேமைச் செய்து, அதை ஓட்டி ரீபேக்கில் வென்றார். பத்துச் சைக்கிள் கொண்ட அந்த முதல் தொகுதியின் முதலாவது சைக்கிள் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. ரீபேக்கில் எல்லாரையும் விட வேகமாக இறங்கியவர் கேரி ஃபிஷர், 4 நிமிடம் 22 விநாடி. ஜோ பிரீஸுக்கு 2 விநாடி கூட எடுத்தது.

1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெலியும் சேர்ந்து, டொம் ரிச்சி செய்த பிரேம்களில் பாகம் பூட்டி விற்கத் தொடங்கினார்கள். விலை 1,300 டொலர் அளவில். அன்றும் "ஒரு சைக்கிளுக்கு இவ்வளவா?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்தச் சைக்கிளில் என்ன பாகம் இருந்தது என்று பார்த்தால் சிரிப்பு வரும். உலா போகும் சைக்கிளுக்கென்று பிரான்சில் செய்த கிராங்கும் பிரேக்கும், ஜப்பானின் சன்டூர் கியர், மோட்டார் சைக்கிள் லீவர். மலைக்கென்று செய்த பாகம் அப்போது சந்தையில் இல்லை. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பனி ஜப்பானில் செய்வித்து 750 டொலருக்கு விற்ற 'ஸ்டம்ப்ஜம்பர்' சைக்கிளிலும் இதே கலவைதான். மலைச் சைக்கிளுக்கென்றே ஒரு முழுத் தொகுதிப் பாகத்தை ஷிமானோ 1982இல்தான் கொண்டு வந்தது.

எங்களை யோசிக்க வைத்தது இந்த இடம்தான். பாகம் தெரிவு செய்வதென்றால் இன்று பட்டியலைப் பார்த்து, விலையைப் பார்த்து, நட்சத்திரம் எத்தனை என்று பார்த்துத் தெரிவு செய்கிறோம். அவர்கள் எது உடைகிறது என்று பார்த்தார்கள். உடைந்ததை மாற்றினார்கள். மாற்றியதும் அடுத்தது உடைந்தது. இன்றைய மலைச் சைக்கிளின் ஒவ்வொரு பாகத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் விழுந்து முழங்கை சிராய்த்த கதை ஒன்று இருக்கிறது.

இனி உருக்குக்கு வருவோம். நாம் இரும்பு இரும்பு என்று சொல்வதெல்லாம் ஒன்றல்ல. பேர்மிங்ஹாமில் 1841இல் ஆணி செய்யத் தொடங்கிய ரெய்னல்ட்ஸ் குடும்பம், 1897இல் ஒரு குழாய்க்குக் காப்புரிமை எடுத்தது. வெளியே பார்த்தால் ஒரே பருமன். உள்ளே நடுப்பகுதி மெல்லியது, பொருத்து வரும் இரண்டு முனையும் தடித்தது. பலம் தேவைப்படும் இடத்தில் மட்டும் உலோகம். 1935இல் அதே கம்பனி 531 என்ற மங்கனீஸ்-மொலிப்டினம் உருக்குக் குழாயைக் கொண்டு வந்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் எஞ்சினைத் தாங்கும் சட்டத்துக்கும் அதே குழாய்தான். 1995இல் 853 என்று ஒன்று வந்தது. சாதாரணக் குழாயை வெல்டிங் செய்தால் சூடு பட்ட இடம் பலம் குறையும். 853இல் அந்த இடம் காற்றில் ஆறும்போது இன்னும் இறுகும். எங்கள் மாணவர் பார்த்து வைத்திருக்கும் பிரேம் இந்த 853. கேட் செய்யும் இரும்புக் குழாயோடு இதை ஒன்றாக வைத்துப் பேசிய எங்கள் நாவை நாங்களே கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நமது ஊருக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. நமது மூத்தாப்பாமார் ஓட்டிய ஹெர்குலிஸ் இதே பேர்மிங்ஹாமில் செய்தது, ரலி நொட்டிங்ஹாமில் செய்தது. கிராங் சுழலும் அச்சைப் பூட்டும் மரையை இன்றும் 'பிஎஸ்ஏ மரை' என்கிறார்கள். பிஎஸ்ஏ என்பது 1861இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய பேர்மிங்ஹாம் கம்பனி. அங்குலத்துக்கு 24 மரை. ரலிக்காரர் மட்டும் பிடிவாதமாகத் தனக்கென்று 26 மரை வைத்திருந்தார்கள். ரலி அச்சு வேறெதற்கும் சேராது என்று பழைய சைக்கிள் பாஸ்மார் முணுமுணுப்பதன் வரலாறு அதுதான். எங்கள் மாணவர் வாங்கப் போகும் புத்தம் புதிய சைக்கிளின் அச்சும் அதே 24 மரையில்தான் பூட்டப்படுகிறது.

சஸ்பென்ஷன் கதையைச் சுருக்கிச் சொல்கிறோம். முதல் சஸ்பென்ஷன் காற்று. 1888இல் பெல்ஃபாஸ்டில் மிருக வைத்தியர் டன்லொப் தந்த காற்றடித்த டயர். ரீபேக் இளைஞர்களுக்கும் அதற்கு மேல் ஒன்றும் இருக்கவில்லை. மோட்டோகுரோஸ் மோட்டார் சைக்கிள் உலகிலிருந்து வந்த போல் டேர்னர் 1989இல் ரொக்ஷொக்ஸ் என்ற பெயரில் காற்றும் எண்ணெயும் நிறைத்த முன் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஏறத்தாழ 2 அங்குலம் அமுங்கும். 1990இல் கொலராடோ மாநிலத்தின் டுராங்கோவில் முதல் உலக சாம்பியன்ஷிப் போட்டி நடந்தபோது, இறக்கப் போட்டியில் வென்ற கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்கில்தான் இறங்கினார். அதன் பிறகு முன்பக்கம் பற்றி வாதமே இல்லாமல் போனது.

பின்பக்கம் இலேசில் அடங்கவில்லை. மோட்டார் சைக்கிளில் போல ஒரு கையைப் பூட்டி, அதற்கு ஒரு ஷொக் வைத்தால் சரிதானே என்று தோன்றும். மோட்டார் சைக்கிளுக்கு எஞ்சின் சீராக இழுக்கிறது. சைக்கிளை இழுப்பது மனிதனின் கால், ஒவ்வொரு மிதிக்கும் விட்டு விட்டு இழுக்கும். செயின் இறுகும்போது அது பின்சில்லையும் சேர்த்து இழுப்பதால், கை அசையும் அச்சு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப சைக்கிள் குனியும், அல்லது விறைக்கும். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஷொக்கை அமுக்குவதிலேயே போய்விடும். அந்தக் காலத்தில் முன்னுக்கு மூன்று பல்சக்கரம். சிறியதில் செயின் போகும் உயரம் ஒன்று, பெரியதில் இன்னொன்று. ஒன்றுக்குச் சரியாக அச்சை வைத்தால் மற்ற இரண்டுக்கும் பிழைக்கும்.

ஒஸ்திரியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த ஹோர்ஸ்ட் லைட்னர் என்ற மோட்டோகுரோஸ் பொறியியலாளர் 1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். பின்சில்லின் அச்சுக்குச் சற்று முன்னால் இன்னொரு மூட்டு. சில்லு ஒரே வட்டத்தில் அசையாமல் மூட்டுகளின் கணக்கில் அசையும். பிரேக் பிடித்தாலும் சஸ்பென்ஷன் இறுகிப் போகாது. 1998இல் அந்தக் காப்புரிமையை ஸ்பெஷலைஸ்ட் வாங்கிவிட்டது. 2013இல் அது முடியும் வரை அமெரிக்காவில் விற்க விரும்பிய மற்றவர்கள் காசு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றி வளைத்து வேறு வழி தேட வேண்டும். இன்று கடையில் பார்க்கும் விதவிதமான மூட்டு அமைப்புகளில் சில ஓட்டுபவனுக்காகப் பிறந்தவை, சில வழக்கறிஞர்களுக்குப் பயந்து பிறந்தவை என்பது எங்கள் கருத்து.

மூட்டுக் கூடக் கூட உருக்கு பின்வாங்கியது. அலுமினியத்தின் அடர்த்தி உருக்கின் மூன்றில் ஒரு பங்கு. நினைத்த வடிவத்துக்கு வளைக்கலாம், பெருங்குழாயாகச் செய்து விறைப்பு ஏற்றலாம். பிறகு கார்பன் வந்தது. இரண்டாயிரமாம் ஆண்டுகளில் உருக்கில் முழுச் சஸ்பென்ஷன் என்றால் கிறுக்கன் வேலை என்று நினைத்தார்கள்.

அது திரும்பி வந்ததற்குக் காரணம் பழைய நினைவு மட்டுமல்ல. 2012இல் எஸ்ராம் கம்பனி முன்னுக்கு ஒரே ஒரு பல்சக்கரம், பின்னுக்குப் பதினொன்று என்று ஒரு தொகுதியை விட்டது. மூன்று பல்சக்கரத் தொல்லை போயிற்று. செயின் போகும் உயரம் ஒன்றுதான் என்றால், அச்சை அதற்குச் சரியாக ஒரே இடத்தில் வைத்துவிடலாம். மோட்டார் சைக்கிள் போன்ற எளிமையான ஒற்றை மூட்டுக் கை திரும்பவும் பயன்பட்டது. எளிமையான கையை உருக்குக் குழாயால் பட்டறையிலேயே செய்யலாம். பிரிஸ்டலில் விமானத் துறையில் பொறியியலாளராக இருந்த ஜோ மெக்கியுவன், ஸ்டார்லிங் என்ற பெயரில் அதையே செய்கிறார். டார்பிஷயர் மலைப்பக்கம் சை டேர்னர் நடத்தும் கொட்டிக், முன் முக்கோணத்தை 853 உருக்கிலும் பின் கையை அலுமினியத்திலும் செய்கிறது. இரண்டும் சிறு கம்பனிகள். உலகச் சந்தையில் அவர்களுடையது ஒரு துளி.

சரி, மாணவருக்கு இப்போது என்ன சொன்னோம்?

பாரம் கூடத்தான், அதை மறைக்கவில்லை. கார்பன் சைக்கிளோடு ஏற்றத்தில் போட்டி போடப் போகிறாரென்றால் இது வேண்டாம். ஆனால் உருக்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை இலட்சம் முறை வளைந்து நிமிர்ந்தாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை இல்லை, கணக்குக் கூடிக்கொண்டே போகும். வெடிப்பு விழுந்தாலும் உருக்கை நல்ல கைகாரர் வெல்டிங் செய்து தரலாம். அலுமினியத்தை ஒட்டினால் திரும்ப வெப்பப் பதம் செய்ய வேண்டும், அதற்கு எல்லா இடத்திலும் வசதி இல்லை.

மூட்டு எத்தனை என்று எண்ணச் சொன்னோம். ஒற்றை மூட்டில் இரண்டு பேரிங், பல மூட்டு அமைப்பில் எட்டு அல்லது அதற்கு மேல். இங்கிலாந்தின் மழையிலும் சேற்றிலும் அத்தனையும் தேயும். பேரிங்கின் இலக்கம் சாதாரண பேரிங் கடையில் கிடைக்கும் இலக்கமா என்று கம்பனிக்காரரிடமே கேட்கச் சொன்னோம். அச்சுக்கு மரை உள்ளதைத்தான் எடுக்க வேண்டும். மரை இல்லாமல் அழுத்தி ஏற்றும் வகைகள் சத்தம் போட்டே பேர் கெட்டவை. பின் ஹப்பின் அகலம் 135, 142, 148, 157 மில்லிமீட்டர் என்று இருபது வருடத்துக்குள் பாய்ந்துவிட்டது. இன்று பெரும்பாலோர் பாவிக்கும் 148ஐ விட்டு விலகக் கூடாது. கியரைத் தொங்கவிடும் சிறு துண்டு ஒவ்வொரு கம்பனிக்கும் ஒவ்வொரு விதமாக இருந்தது. 2019இல் எஸ்ராம் எல்லாருக்கும் பொதுவான ஒன்றை வெளியிட்டது. அது பொருந்தும் பிரேமா என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் விழுந்தால் முதலில் வளைவது அதுதான்.

பின் ஷொக்கில் ஸ்பிரிங்கா காற்றா என்று கேட்டார். ஸ்பிரிங்கில் காற்றைப் பூட்டி வைக்கும் சீல் இல்லை, தொல்லையும் அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் ஒற்றை மூட்டில் கடைசி வரை ஒரே சீராக அமுங்குவதால், பெரிய அடியில் 'டொக்' என்று தட்டக்கூடும். காற்று அமுங்க அமுங்க இறுகும். ஓட்டுபவர் ஏறி அமர்ந்ததும் ஷொக் 25 முதல் 30 வீதம் இறங்க வேண்டும் என்பது கணக்கு. அதைப் பம்பால் சரிசெய்யலாம், ஸ்பிரிங்கென்றால் கடைக்குப் போய் வேறு ஸ்பிரிங் வாங்க வேண்டும். காற்றுத்தான் எடுக்கச் சொன்னோம்.

காசு முட்டினால் எதைக் குறைப்பது? கியரில் குறைக்கலாம். பிரேக்கிலும் டயரிலும் குறைக்க வேண்டாம். ரீபேக்கில் எரிந்தது கியர் அல்ல. நான்கு பிஸ்டன் எண்ணெய்ப் பிரேக்கும் நல்ல டயரும் எடுத்துவிட்டு, கியர்த் தொகுதியில் ஒரு படி கீழே இறங்கினால் ஓட்டத்தில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் விளங்காது. தேய்ந்த பிறகு மேலானதைப் பூட்டிக்கொள்ளலாம்.

துருவைப் பற்றிய எங்கள் பயம் முழுக்கப் பொய்யில்லை. உருக்குக் குழாய் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். புதிதாக வந்ததும் சீட் குழாய் வழியாகத் துரு காக்கும் எண்ணெயை உள்ளே விசிறி, பிரேமைப் புரட்டிப் புரட்டி வைத்தால் எங்கும் பரவும். கழுவினால் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிக்க வேண்டும். கடற்கரை ஊரில் பிறந்தவருக்கு உப்புக் காற்றும் இரும்பும் பற்றி நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை.

வீண்விரயம் என்று நினைவூட்டிய பெரியவருக்கு மரியாதையுடன் ஒரு வார்த்தை. உங்கள் கவலை நியாயமானது ஹாஜியார். வருடத்துக்கு ஒன்று என்று மாற்றுவதற்கும், படம் போட்டுக் காட்டுவதற்கும் வாங்கினால் அது இஸ்ராஃப்தான், அதை அவரிடமும் நேரே சொன்னோம். ஆனால் இந்தப் பிள்ளை வீட்டுக் கடமையை முடித்த பிறகு, பதினைந்து இருபது வருடம் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டும் எண்ணத்தில் எடுக்கிறார். கைபேசியை இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்றும் நாம், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், அவரைக் கேள்வி கேட்க முதல் கொஞ்சம் யோசிக்கலாம்.

நேற்று அவர் முற்பணம் கட்டிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். பிரேம் செய்து முடிய மாதங்கள் எடுக்குமாம். ஊரில் இருக்கும் அவரது வாப்பாவுக்குப் படத்தைக் காட்டினோம். நீண்ட நேரம் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "இதுக்குப் பின்னால கெரியர் பூட்டலாமா சேர்?"

பூட்ட ஏலாது காக்கா. பின்சில்லு சீட் பக்கம் ஏறி ஏறி இறங்கும். அரிசி மூட்டை வைத்தால் மூட்டையும் சேர்ந்து ஏறி இறங்கும்.